வீட்டு முற்றத்திலிருந்து விண்முகில்

மார்கழித் திருவாதிரையை அறியாத இந்து இளைஞர் எம்முள் இல்லை. அந்த ஆதிரை மீன் ஒளிரும் ஓரியன் கூட்டத்திலேயே, வெறுங்கண்ணுக்கு மங்கிய புள்ளியாய்த் தோன்றும் விண்முகில் ஒன்றுண்டு. 1880இல் அமெரிக்க வைத்தியர் ஹென்றி திரேப்பர், தமது சொந்த வானாய்வுகூடத்தில் 51 நிமிடம் காத்திருந்து, அதனை முதன்முதல் படம்பிடித்தார்.

1883இல் இலண்டனை அடுத்த ஈலிங்கில், சுகாதாரப் பொறியியலாளரான அந்திரூ கொமன், தம் வீட்டுத் தோட்டத்து 36 அங்குல ஆடித் தொலைநோக்கியால் அதே முகிலைப் பிடித்தார். கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்களும் அப்படத்தில் விழுந்திருந்தன. கண் ஒளியைச் சேமிக்காது. ஒளிப்படத் தட்டோ நேரம் செல்லச் செல்லச் சேமிக்கும்.

1888இல் கட்டடத் தொழிலதிபர் ஐசாக் றொபேட்ஸ், லிவர்ப்பூலுக்கு அண்மையில் எடுத்த படம் அந்திரொமீடா முகிலின் சுருள் வடிவைக் காட்டியது. புதிய சூரிய குடும்பம் ஒன்று உருவாவதாக அவர் கருதினார். அது பால்வீதிக்கு அப்பாலுள்ள வேறொரு விண்மீன் மண்டலம் என்பதற்கு, 1923இல் எட்வின் ஹபிள் எடுத்த படமே வழிகாட்டியது. றொபேட்ஸின் கருத்துத் தளர்ந்தது, படமோ நிலைத்தது.

எமது நாட்டுக்கும் இதில் உறவுண்டு. 1867இல் கொழும்பிற் பிறந்த பேர்சி மோல்ஸ்வேத், படைப்பணியின் நடுவே, திருகோணமலையிலிருந்து சொந்தத் தொலைநோக்கியால் வியாழனை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார்.

ஒருகொடவத்தையில் தெருவிளக்குகள் வானை வெளுக்கச் செய்கின்றன. எனினும், இன்றைய எண்முறைக் கமராவில் பல குறும்படங்களை எடுத்துக் கணினியில் ஒன்றுசேர்த்தால், ஆதிரைக் கூட்டத்து முகில் மொட்டைமாடியிலிருந்தும் அகப்படும். நாளும் நேரமும் குறித்து அவற்றைப் பேணுவோமாக. எமது விளக்கம் பிழைத்தாலும் படம் பின்வருவோர்க்குப் பயன்படும்.