இலண்டன் மாநகரின் பொதுப் பாடசாலைக் கட்டிடங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலண்டன் உலகின் மிகப் பெரிய நகரமாக விளங்கிற்று. ஆயினும், அந்நகரத்து ஏழைப் பிள்ளைகளுள் பெருந்தொகையினருக்குப் பாடசாலையில் அமர இடமிருக்கவில்லை. திருச்சபைகளும் தரும சங்கங்களும் நடத்திய பாடசாலைகள் போதியனவாக இல்லை. குதிரை இலாயங்களிலும் புகைவண்டிப் பாலங்களின் வளைவுகளின் கீழும் ஏழைச் சிறுவர்க்குப் பாடம் நடந்ததுண்டு.

1870ஆம் ஆண்டில் இந்நிலையை மாற்றும் சட்டமொன்று நிறைவேறியது. பாடசாலைகள் போதாத இடங்களிலே மக்கள் கல்விச் சபையைத் தெரிவு செய்யலாம். அச்சபை சோலைவரிப் பணத்தைக் கொண்டு பாடசாலைகளைக் கட்டலாம் என்பதே அதன் சாரம். அவ்வாண்டு நவம்பரில் இலண்டன் சபைக்குத் தேர்தல் நடந்தது. எலிசபெத் காரெட், எமிலி டேவிஸ் என்னும் பெண்மணிகள் இருவரும் அதில் வெற்றி பெற்றனர். முன்னர் இந்தியாவின் அரசப் பிரதிநிதியாக இருந்த லாரன்ஸ் பிரபு முதலாவது தலைவரானார்.

1871இல் ஈ. ஆர். றொப்சன் என்பார் சபையின் கட்டிடக் கலைஞராக நியமிக்கப்பட்டார். நெருக்கமான சேரிகளின் நடுவே கிடைத்த நிலமோ சிறியது, விலையோ பெரியது. ஆகவே பாடசாலைகள் மேல்நோக்கி வளர்ந்தன. பெரும்பாலும் கீழ்த்தளம் குழந்தைகளுக்கும், மேல்மாடிகள் சிறுமியர்க்கும் சிறுவர்க்கும் எனப் பிரிக்கப்பட்டன, வாயில்களும் வெவ்வேறாயின. சில இடங்களிலே கூரைமேலும் விளையாட்டிடம் அமைந்தது. வெளிச்சமும் காற்றும் தாராளமாக வரும்படி உயர்ந்த சாளரங்கள் வைக்கப்பட்டன.

திருச்சபைப் பாடசாலைகள் கோயில்களைப் போன்று கூர்வளைவு பொருந்திய கொதிக் பாணியில் அமைந்திருந்தன. எந்தவொரு சமயப் பிரிவையும் சாராத சபைக்கு அப்பாணி பொருந்தாது எனக் கருதிய றொப்சன், செங்கல்லை அழகுறப் பயன்படுத்தும் ‘அரசி ஆன்’ பாணியை மேற்கொண்டார். இவ்வாறு, பாடசாலை அனைவர்க்கும் பொதுவானது என்பதைச் சுவர்களே எடுத்துரைத்தன.

உள்ளமைப்பும் மாறியது. முன்னர் நீண்டதொரு கூடத்திலே பல வகுப்புகள் ஒருங்கே நடந்தன. ஆசிரியர் ஒருவருக்குத் துணையாக மாணவ ஆசிரியர்கள் கற்பித்தனர். ஜேர்மனியிலோ வகுப்புக்கோர் அறை இருந்தது. 1873இல் ஸ்டெப்னிப் பகுதியிலே ஜோன்சன் வீதிப் பாடசாலையில் அம்முறை பரீட்சிக்கப்பட்டது. தனியறைகளுக்குத் தகுதி பெற்ற ஆசிரியர் பலர் தேவை. எனவே செலவும் மிகுதி. அதனால் மாற்றம் மெல்லவே பரவிற்று. நூற்றாண்டின் முடிவிலே நடுவே மண்டபமும் அதனையொட்டி வகுப்பறைகளும் அமைவது வழக்கமாயிற்று.

செலவைக் குறித்து வரியிறுப்போர் முறையிடாமலில்லை. பவுணுக்கு மூன்று பென்ஸ் வரி போதும் என்று சட்டத்தைக் கொணர்ந்த போஸ்டர் கூறியிருந்தார். வரியோ அதனை விஞ்சிற்று. ஏழைப் பிள்ளைகளுக்கு இத்துணை ஆடம்பரம் ஏன் என்ற கேள்வி எழுந்தது. ஆனால் 1880இல் பாடசாலை வரவு நாடெங்கும் கட்டாயமாயிற்று. 1891இல் பெரும்பாலான ஆரம்பப் பாடசாலைகளிலே கட்டணமும் நீங்கிற்று. பிள்ளையை வரும்படி கட்டாயப்படுத்தும் அரசு, அப்பிள்ளைக்குச் சுகாதாரமான இடத்தை அளிக்கவும் கடமைப்பட்டதன்றோ?

1904இல் சபை கலைக்கப்பட, அதன் பொறுப்பை இலண்டன் மாவட்டச் சபை ஏற்றது. அதற்குள் நானூறுக்கு மேற்பட்ட பாடசாலைகள் எழுந்துவிட்டன. அவற்றுட் சில இன்று குடியிருப்புகளாகிவிட்டன. சிலவற்றிலே இன்றும் பாடம் நடக்கின்றது. சிறுவர், சிறுமியர், குழந்தைகள் என வாயிற்கற்களிலே பொறித்த எழுத்துக்களைப் பல இடங்களில் இன்றும் காணலாம். முன்னர் இடமின்றித் தெருவிலே நின்ற பிள்ளைகளுக்காகவே அவ்வாயில்கள் திறந்தன.