தோர்ணக்கல்லுக்குச் சென்ற தமிழர்

பிறந்த மண்ணை விட்டுப் பிறமொழி வழங்கும் நாட்டில் குடியேறி வாழும் நம்மனோர்க்கு ஒரு வினா அடிக்கடி எழுவதுண்டு. நாம் வாழும் ஊருக்கு நாம் யார்? ஊதியம் பெற்று, ஓய்வு வந்ததும் ஊர் திரும்பும் விருந்தினரா? அன்றி, இவ்வூர் மக்களின் இன்ப துன்பங்களில் பங்குகொள்ளும் உறவினரா? சமய வாழ்விலும் இவ்வினா உண்டு. காணிக்கையைக் கொடுத்துவிட்டு எட்டி நிற்பதும் ஒரு வாழ்வு; தன்னையே கொடுத்து நெருங்கிச் செல்வதும் ஒரு வாழ்வு. கிறிஸ்தவ வாழ்வில் இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவைத் தாமே நடந்து கடந்த தமிழர் ஒருவரை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம். அவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் திருச்சபையின் குருவானவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற அசரியா, 1895இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலராகப் பணியேற்றார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பொருளைக் கொண்டே மிஷனெரிகளை அனுப்பி வருவதைக் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தைத் தைத்தது. நூறாண்டுக்கு மேலாக அயல்நாட்டாரிடம் பெற்றுக்கொண்டேயிருந்த திருநெல்வேலித் திருச்சபை, பிறர்க்குக் கொடுப்பது எந்நாள் என்று எண்ணினார். அவ்வெண்ணத்தின் பயனாக 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. நிஜாமின் ஐதராபாத் அரசில், தெலுங்கு வழங்கும் தோர்ணக்கல் பகுதியை அது தன் பணிக்களமாகத் தேர்ந்தது. 1905இல் வங்கத்துச் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோதும் அசரியா முன்னின்று உழைத்தார்.

இங்குத்தான் அவர் வாழ்வின் திருப்பம் நேர்கின்றது. இரு சங்கங்களை நிறுவத் துணைநின்றார்; ஊர் ஊராகச் சென்று இளைஞரை அழைத்தார்; பொருள் திரட்டினார். உலகம் மெச்சுவதற்கு இவை போதும். ஆயினும், பிறரைப் போகச் சொல்லும் தாம் போகாதிருப்பது தகுமோ என்ற கேள்வி அவரை வாட்டிற்று. மதிப்பும் வசதியும் வாய்ந்த செயலர் பதவியைத் துறந்தார். 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல்லுக்கே சென்றார். தெலுங்கைக் கற்றார். சிற்றூர்களில் அலைந்து, உழவுக் கூலிகளாய் வாழ்ந்த ஏழை மக்களிடையே தங்கினார். அனுப்புகிறவர் அனுப்பப்பட்டவராக மாறியது இவ்வாறுதான்.

அடுத்த ஆண்டில், அதாவது 1910இல், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. அங்கே அசரியா ஆற்றிய உரை பலரைத் திடுக்கிடச் செய்தது. அயல்நாட்டு ஊழியர்களின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. அதற்கு நன்றியே கூறினார். ஆனால் பொருளையும் உழைப்பையும் உயிரையும் கொடுத்தவர்கள், தம்முடன் பணியாற்றும் இந்தியரைச் சமமானவராக வீட்டிற்கு அழைக்கவும் தயங்குவதை மறைக்காமல் எடுத்துரைத்தார். கொடையினும் அரிது நட்பு. அந்த நட்பையே இந்தியத் திருச்சபை வேண்டுகின்றது என்பதே அவர் உரையின் சாரம். உயிரையே ஈந்த பின்னரும் ஒருவர் விலகி நிற்கக்கூடும் என்னும் இவ்வுண்மை எண்ணியெண்ணிப் பார்க்கத்தக்கது.

அந்த அளவுகோலைப் பிறருக்கு மட்டும் வைத்திருந்தால் அவர் சொல்லுக்கு மதிப்பிராது. தெலுங்கு நாட்டில் அசரியாவும் அயலாரே. 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் திருநிலைப்படுத்தப்பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். வெள்ளையரிடமிருந்தும், நம்மவரிடமிருந்தும் இதற்கு எதிர்ப்பு எழாமலில்லை. பதவி உயர்ந்த பின்னரும் அவர் எட்டி நிற்கவில்லை. மாட்டு வண்டியில் சிற்றூர்களைச் சுற்றினார். மாலர், மாதிகர் என்னும் இரு பிரிவாரும் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவர்கள். ஆயினும் தம்முள்ளும் வேற்றுமை பாராட்டி வந்தனர். இத்தகைய வேற்றுமைகள் திருச்சபைக்குள் புகலாகாதென்று அவர் வற்புறுத்தினார். திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் தம் தலைமேல் தாமே கை வைத்து, நற்செய்தியைச் சொல்லாதிருப்பேனாயின் எனக்குக் கேடு என்னும் பொருள்பட உறுதி கூறச் செய்தார். எழுத்தறியாத கூலியாளும் பெறுபவராக மட்டும் நின்றுவிடாமல், தருபவராகவும் விளங்க வேண்டும் என்பதே அவர் கருத்து.

தோர்ணக்கல்லில் அவர் எழுப்பிய பேராலயம் 1939 ஜனவரி 6ஆம் நாள் அர்ப்பணிக்கப்பெற்றது. அதன் தூண்களிலும் குவிமாடங்களிலும் இந்துக் கோயில் கலையும் இஸ்லாமியக் கட்டடக் கலையும் இணைந்துள்ளன. வந்த ஊரின் கலையையே வழிபாட்டுக்கு இல்லமாக்கிய அவ்வுள்ளம் போற்றற்குரியது. 1945 ஜனவரி முதல் நாளில் அவர் மறைந்தார். திருநெல்வேலிக்கு அவர் உடல் திரும்பவில்லை. தாம் தேர்ந்துகொண்ட தோர்ணக்கல் மண்ணிலேயே அடக்கமாயிற்று.

அசரியாவைப் போல் அனைவரும் பதவி துறக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. அவரும் ஆறாண்டுக் காலம் பிறரை அனுப்பிக்கொண்டே வீட்டில் இருந்தவர்தாம் என்பதே நமக்கு ஆறுதலும் எச்சரிக்கையும் ஆகும். நாமும் நம் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் நிதி தருகின்றோம், அது நன்றே. ஆனால் எதிர்வீட்டில் வாழும் பிறமொழியாளர் பெயரை நாம் அறிவோமா? அவர் வீட்டுத் துயரில் நம் காலடி பட்டதுண்டா? கொடுத்த கை நீண்டிருக்கலாம். நடந்த கால் எவ்வளவு தொலைவு சென்றது என்பதே கேள்வி. நம் பிள்ளைகள் பிறந்து வளரும் இவ்வூரில், அக்கேள்விக்கு நாம் தரும் விடையையே அவர்கள் நம்மிடம் கற்றுக்கொள்வர்.