அடையாளக் கார்டும் தோட்டத்து மக்களும்



நாம் அன்றாடம் பையில் சுமக்கும் அடையாளக் கார்டு அவசரகாலத்தில் பிறந்தது. 1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே 12 வயது நிரம்பியோர் அனைவரும் பதிந்துகொள்ள வேண்டுமென விதி வந்தது. காகித அட்டையில் நிழற்படமும் கட்டைவிரல் ரேகையும் இடம்பெற்றன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினரையும் ஊர்மக்களையும் பிரித்தறிவதே நோக்கம். ஆகவே அவர்கள் தொழிலாளரிடமிருந்து கார்டுகளைப் பறித்து அழித்தனர். கொடுக்க மறுத்தால் காட்டிலிருந்து ஆபத்து. கொடுத்துவிட்டால் காவல்துறையின் ஐயம். பால்மரத் தோட்டத்தார் இவ்விரண்டுக்கும் நடுவே வாழ்ந்தனர்.

1955 டிசம்பரில் நம் கெடாவின் பாலிங்கில் நடந்த பேச்சுவார்த்தை உடன்பாடின்றி முடிந்தது. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் நீங்கியது. கார்டு மட்டும் 1959ஆம் ஆண்டின் தேசியப் பதிவுச் சட்டத்தின்கீழ் நிலைத்துவிட்டது.

போலிகளைத் தடுக்கக் கார்டு பலமுறை மாறியது. 1990இல் 12 இலக்க எண் வந்தது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம் (கெடாவுக்கு 02 முதலியவை). கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். 2001 செப்டம்பரில் அறிமுகமான மைகார்டில் சில்லு பொருத்தப்பட்டு, இரு கட்டைவிரல் ரேகைகளின் பதிவும் அதனுள் சேர்ந்தது. படத்தை மாற்றி ஒட்டினாலும் ரேகை காட்டிக்கொடுத்துவிடும்.

எனினும் சில்லு எவ்வளவு நுட்பமானதாயினும் பிறப்புப் பத்திரத்தில் உள்ளதையே அது சொல்லும். சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்ட லயங்களில் வீட்டிலேயே பிறந்த பிள்ளைகள் பலர். பிறப்பைப் பதியாதோர் உண்டு. கேட்டபடி பெயரெழுதிய கிராணியால் தந்தை பெயர் ஒரு பத்திரத்தில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் ஆனதுண்டு. கோயிலில் தாலி கட்டியும் திருமணத்தைப் பதியாதோரும் உண்டு. இவற்றின் விளைவே சிவப்பு அடையாளக் கார்டும், கார்டே இல்லாத நிலையும். 2011இல் மைடஃப்தார் என்ற பதிவு இயக்கம் நடத்த நேர்ந்ததும் இதனாலேயே. திருடன் நம் பெயரைக் களவாடுவது ஒரு கேடு. நமக்கென்று பெயரே பதிவில் இல்லாமற் போவது அதனினும் பெருங்கேடு.

பெற்றோருக்குச் சில வேண்டுகோள்கள். வட்டிக்காரரிடம் கார்டை ஈடாக வைக்காதீர். நகல் கொடுக்கும்போது இரு கோடுகளிட்டு, எதற்காகக் கொடுக்கிறீர் என்பதை அதன்மேலேயே எழுதுங்கள். கார்டு தொலைந்தால் உடனே காவல்துறையிலும் தேசியப் பதிவு இலாகாவிலும் தெரிவியுங்கள். 1948இல் விதித்த 12 வயதே இன்றும் முதற்கார்டுக்குரிய வயது. ஆகவே ஆறாம் ஆண்டில் பயிலும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை இவ்வாரமே எடுத்து, ஒவ்வோர் எழுத்தையும் உங்கள் கார்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையிருந்தால் இலாகாவுக்குச் செல்ல இதுவே தக்க காலம்.