ஓவியத்துக்கு வந்தது, பத்திரத்துக்கும் ஆயிற்று

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 'லிப்ரேரி' என்றால் புத்தகக் கடை; நூலகத்துக்கு 'பிப்லியோத்தேக்'. கணினிக்காரர்கள் சொல்லும் லைப்ரரி இரண்டுமல்ல. மற்ற நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு அது.

உத்தமபாளையத்து நஞ்சைக்கான மாமனார் காலப் பத்திரங்கள் மங்கி வருகின்றன. ஸ்கேன் எடுத்து, ஓரம் நறுக்கி, ஒரே அளவாக்க ஒரு லைப்ரரி தேவைப்பட்டது. என்னிடம் விண்டோஸ், தேனியிலுள்ள பேரனிடம் லினக்ஸ். இரண்டிலும் ஓட வேண்டும்.

பலரும் சொல்வது இமேஜ்மேஜிக். 1987இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜான் கிறிஸ்டி எழுதத் தொடங்கியது. 1990இல் இலவசமாக வெளிவந்தது. கட்டளைகள் மாறாமல் நிலையாக இருக்க வேண்டும் என்றவர்கள் 2002இல் பிரிந்துபோய் கிராஃபிக்ஸ்மேஜிக்கை நடத்தினார்கள். காலமெல்லாம் ஒரே படிவத்தை நிரப்பிய குமாஸ்தாவுக்கு அவர்கள் பக்கம் நியாயம் தெரிகிறது.

ஆனால் நாங்கள் எடுத்தது விப்ஸ். 1989இல் ஐரோப்பாவின் வாசரி திட்டத்தில் பிறந்தது. லண்டன் நேஷனல் கேலரியும் அதில் பங்கு. ஓவியங்களின் நிறம் காலப்போக்கில் மாறுகிறதா என்று அளக்க மிகப் பெரிய படங்கள் எடுத்தார்கள். அன்றைய கணினியில் நினைவகமோ சொற்பம். அதனால் படம் முழுவதையும் ஏற்றாமல், துண்டு துண்டாக வாங்கி வேலை செய்யும்படி அமைத்தார்கள். ஏ4 பக்கம் ஒன்றை 600 டிபிஐயில் வண்ணமாக ஸ்கேன் செய்தால், சுருக்காத நிலையில் 100 எம்பி. என் பழைய கணினிக்கு இந்த முறைதான் தோது.

மூல ஸ்கேனை டிஃப் கோப்பாகத் தனியே வைத்துவிட்டு நகலில்தான் கை வைக்கிறோம். கிரயப் பத்திரங்கள் முடிந்தன. பாகப்பிரிவினைப் பத்திரம் பாக்கி.