கவச வண்டியில் ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம்!

போர் விளையாட்டு என்றதும் பலருக்குச் சதுரங்கம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அமெரிக்காவில் 1970களில் வேறு வகைப் போர் விளையாட்டுகள் பிரபலமாயின. அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடம், சின்னச் சின்ன அட்டைத் துண்டுகள், பகடை, தடிமனான விதிப் புத்தகம். அவலான் ஹில் நிறுவனம் 1970ல் வெளியிட்ட பான்சர்பிளிட்ஸ், 1977ல் வெளியிட்ட ஸ்குவாட் லீடர் இரண்டும் இவற்றில் புகழ்பெற்றவை. பின்னாளில் ஸ்டீல் பாந்தர்ஸ் (1995), காம்பாட் மிஷன் (2000) என்று இதே வகை விளையாட்டுகள் கணினிக்கும் வந்துவிட்டன.

இவற்றைப் புதிதாக ஆடுபவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரி அடி வாங்குவார்கள். ஒரு காலாட்படைக் குழுவைக் கவச வண்டியில் ஏற்றுவார்கள். வண்டிக்குத்தான் கவசம் இருக்கிறதே என்ற தைரியத்தில் எதிரி இருக்கும் கிராமத்துக்கு நேராக ஓட்டுவார்கள். ஒரே ஒரு குண்டு! வண்டியும் போய்விடும், உள்ளே இருந்தவர்களும் போய்விடுவார்கள். விளையாட்டு அநியாயமாக இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வரலாற்றைப் பார்த்தால் விதியை எழுதியவர்கள் மேல் தப்பில்லை என்பது புரியும்.

கவசம் எவ்வளவு?

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் பயன்படுத்திய எஸ்.டி.கே.எஃப்.இசட். 251 என்ற வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் டயர், பின்னால் சங்கிலிப் பட்டை. ஓட்டுநரும் தளபதியும் போக 10 வீரர்கள் உட்காரலாம். கவசத்தின் தடிமன் அதிகபட்சம் 14.5 மில்லிமீட்டர். மேலே கூரையே கிடையாது! துப்பாக்கிக் குண்டையும் வெடித்துச் சிதறும் குண்டுத் துணுக்குகளையும் தடுக்கும். டாங்கி எதிர்ப்பு பீரங்கி சுட்டால் தாங்காது. அமெரிக்கர்களின் எம்3 வண்டியும் கிட்டத்தட்ட இதே கதைதான். காயம்பட்ட வீரர்களுக்குக் கொடுக்கும் பதக்கத்தின் பெயரைச் சேர்த்து "பர்ப்பிள் ஹார்ட் பெட்டி" என்று அதன் வீரர்களே கிண்டல் செய்தார்கள்.

அப்படியானால் இந்த வண்டி எதற்கு? வீரர்களைக் கொல்வதில் பெரும்பங்கு பீரங்கிக் குண்டுத் துணுக்குகளுக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும்தான். திறந்த வெளியில் நடந்து போகிறவனுக்கு இவை இரண்டும் எமன். அந்த வெளியைக் கடக்க உதவுவதுதான் கவச வண்டியின் வேலை. டவுன் பஸ் மாதிரி. சரியான ஸ்டாப்பில் இறங்கிவிட வேண்டும்.

கங்காரு பிறந்த கதை

இதைச் சரியாகச் செய்து காட்டியவர் கனடாவின் லெப்டினன்ட் ஜெனரல் கை சைமண்ட்ஸ். 1944 ஆகஸ்டில் பிரான்சின் கான் நகருக்குத் தெற்கே ஜெர்மன் படை வலுவான அரண் அமைத்திருந்தது. முந்தைய தாக்குதல்களில் திறந்த கோதுமை வயல்களில் நடந்து போன காலாட்படை ஏராளமான பேரை இழந்திருந்தது. டாங்கிகள் முன்னே போய்விடும், காலாட்படை பின்னால் மாட்டிக்கொள்ளும்.

சைமண்ட்ஸ் ஒரு யோசனை செய்தார். "பிரீஸ்ட்" (பாதிரியார்) என்ற பெயருள்ள தானியங்கி பீரங்கி வண்டிகள் அப்போது உபயோகத்திலிருந்து விலக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் பீரங்கியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வீரர்களை ஏற்றினால் என்ன? சில நாட்களிலேயே 76 வண்டிகள் தயாராயின. "அங்கி கழற்றிய பாதிரியார்கள்" என்று அவற்றுக்குக் கேலிப் பெயர். மாற்றி அமைத்த பட்டறையின் ரகசியப் பெயரான "கங்காரு" நிலைத்துவிட்டது.

ஆகஸ்ட் 7 இரவு, ஆபரேஷன் டோட்டலைஸ் தொடங்கியது. டாங்கிகளும் கங்காருகளும் நெருக்கமான வரிசைகளில், இருட்டிலும் புழுதியிலும் ஜெர்மன் முன்வரிசையை ஊடுருவிப் போயின. சில வண்டிகள் வழி தவறின, சில குழியில் விழுந்தன. ஆனாலும் விடியும்போது வீரர்கள் ஜெர்மன் வரிசைக்குப் பின்னால் இருந்த கிராமங்களுக்கு அருகில் இறங்கியிருந்தார்கள். இறங்கிய பிறகு நடந்து போய்த்தான் சண்டை போட்டார்கள். வண்டியில் போன பட்டாலியன்களின் இழப்பு, நடந்து போன பட்டாலியன்களின் இழப்பை விட மிகவும் குறைவு.

இறங்காமல் போனால்?

இதற்கு நேர் எதிரான உதாரணம் குரோஸ்னி. 1994 டிசம்பர் 31 அன்று ரஷ்யப் படைகள் செச்சன்யாவின் தலைநகருக்குள் டாங்கிகளோடும் பி.எம்.பி. கவச வண்டிகளோடும் நுழைந்தன. 131வது படைப்பிரிவு ரயில் நிலையம் வரை போய்விட்டது. காலாட்படை முன்னால் இறங்கி வீடுகளைச் சோதிக்கவில்லை. பலர் வண்டிக்குள்ளேயே இருந்தார்கள். செச்சன் போராளிகள் அடித்தளங்களிலிருந்தும் மேல்மாடிகளிலிருந்தும் ராக்கெட்டுகளை ஏவினார்கள். வரிசையின் முதல் வண்டியையும் கடைசி வண்டியையும் அடித்தால் நடுவில் இருப்பவை நகர முடியாது. அந்தப் படைப்பிரிவு கிட்டத்தட்ட அழிந்தே போனது. உள்ளே இருந்தவர்களில் பலர் போதிய பயிற்சி இல்லாத இளைஞர்கள்.

விதிப் புத்தகம் சொல்வது

இப்போது விளையாட்டுக்குத் திரும்பலாம். பான்சர்பிளிட்ஸில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எதிரி நகரும்போது சுட முடியாது, தன் முறை வரும்போதுதான் சுடலாம். அதனால் வண்டிகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு வெட்டவெளி வழியாக ஹாயாக ஓடி ஒளிந்துகொள்ளும். இதற்கு ஆட்டக்காரர்கள் "பான்சர்புஷ்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1974ல் வந்த பான்சர் லீடரில், நகரும் எதிரியைச் சுடும் விதி சேர்க்கப்பட்டது. அதன் பிறகு வெட்டவெளியில் வண்டி ஓட்டுவதற்கு முன் நிதானமாக யோசிக்க வேண்டியதாயிற்று.

அனுபவசாலிகள் ஆடும் முறையைக் கவனித்தால் சைமண்ட்ஸ் செய்ததுதான் தெரியும். எதிரியின் பார்வை படாத மேட்டுக்குப் பின்னாலோ தோப்புக்குப் பின்னாலோ வண்டியை நிறுத்துவார்கள். வீரர்கள் அங்கேயே இறங்கி விடுவார்கள். வண்டி தூரத்தில் நின்று இயந்திரத் துப்பாக்கியால் துணை கொடுக்கும். ஊருக்குள் என்றால் காலாட்படை முன்னே, வண்டி பின்னே. டாங்கி எதிர்ப்பு பீரங்கி எங்கே இருக்கிறது என்று தெரியாதவரை வண்டி தலையைக் காட்டாது.

ரொம்ப முன்னால் இறக்கிவிட்டால் அவர்கள் இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் நீண்ட தூரம் நடக்க வேண்டும். தாமதமாக இறக்கினால் பத்துப் பேரும் ஒரே குண்டில் போவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் உண்டு. அது ஒவ்வொரு வரைபடத்திலும் மாறும். எந்த விதிப் புத்தகமும் அந்த இடத்தை அடையாளம் போட்டுக் கொடுக்காது. சைமண்ட்ஸ் தாக்குதலுக்கு முன்பே அந்த இடங்களை வரைபடத்தில் குறித்திருந்தார். குரோஸ்னிக்குப் போனவர்களுக்கு அப்படி யாரும் குறித்துக் கொடுக்கவில்லை.

விளையாட்டில் தோற்றால் அட்டைத் துண்டை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு மறுபடி ஆடலாம். அடுத்த முறை வண்டியை நகர்த்துவதற்கு முன், அந்தத் துண்டுக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.