குளத்தில் கிடந்த கப்பல்

என் தொடர்கதை ஒன்றில், புயலில் அடிபட்ட மரக்கப்பலைக் கதாநாயகன் மூன்றே தினங்களில் செப்பனிட்டுப் பாய் விரித்துப் புறப்பட்டு விடுகிறான். அதைப் படித்த வாசகர் ஒருவர், "மரத்துக்கு எங்கே போனான்? தச்சன் யார்?" என்று இரண்டே வரியில் கேட்டு எழுதியிருந்தார். முதலில் எனக்குக் கோபந்தான் வந்தது. சரித்திரத்தைப் புரட்டிய பிறகு கோபம் போய் வெட்கம் வந்தது.

'கான்ஸ்டிட்யூஷன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் 1797-ல் பாஸ்டன் துறைமுகத்தில் நீரில் இறங்கியது. 1812-ல் இங்கிலாந்துடன் நடந்த யுத்தத்தில் பகைவர் குண்டுகள் அதன் பக்கங்களில் பட்டுத் தெறித்து விழுந்தனவாம். இரும்பு விலாக்காரி என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. உண்மையில் இரும்பு எங்கே இருந்தது? எல்லாம் மரந்தான். அமெரிக்காவின் தென்கரையில், வருஷம் முழுவதும் பச்சையாகவே நிற்கும் 'லைவ் ஓக்' என்ற மரம் அது. அதன் கிளைகள் பிறவியிலேயே வளைந்தவை. கப்பலின் விலாக்களுக்குக் கேட்டு வாங்கினாற்போல் பொருந்துபவை.

1920-களில் அந்த விலாக்கள் உளுத்துப் போயின. பள்ளிக்கூடக் குழந்தைகள் காசு காசாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். 1927 ஜூனில் கப்பல் பாஸ்டன் பழுது பார்க்கும் துறையில் ஏறியது. வேலைக்குப் பொறுப்பாளர் லெப்டினென்ட் ஜான் லார்ட். பணம் ஒருவாறு சேர்ந்தது. அவ்வளவு பெரிய வளைந்த மரத்துக்கு எந்த மரக்கடையில் போய் நிற்பது?

மரம் அகப்பட்ட இடம் ஒரு குளம்! பிளாரிடாவில் பென்சகோலா கடற்படைத் தளத்துக் குளத்தில் 1850-களில் யாரோ போட்டு வைத்த லைவ் ஓக், சுமார் 1,500 டன், நீருக்குள் கிடந்தது. கப்பல் கட்டச் சேர்த்தது; இரும்புக் கப்பல்களின் காலம் வந்ததும் அதைத் தேடுவாரில்லை. நம் ஊர்த் தச்சர் பூவரசங்கட்டையை ஊருணியில் அமிழ்த்தி வைப்பது நினைவுக்கு வருகிறது அல்லவா? காற்றுப் படாமல் நீரில் மூழ்கிய மரம் எளிதில் உளுப்பதில்லை. முக்கால் நூற்றாண்டு காத்திருந்த மரம், 1931-ல் மீண்டும் கடலைப் பார்த்தது.

உதிரிச் சாமானுக்கு இதே கப்பல் வேறொரு வழியும் செய்திருக்கிறது. 1812 டிசம்பர் 29-ம் தேதி, பிரேஸில் கரைக்கு அப்பால் 'ஜாவா' என்ற ஆங்கிலக் கப்பலுடன் சண்டை. இதன் சுக்கான் சக்கரம் குண்டு பட்டுச் சிதறியது. சண்டையில் ஜெயித்ததும், ஜாவாவின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டு, ஜாவாவைக் கொளுத்தி விட்டார்கள்! ஜாவாவில் பயணம் செய்து சிறைப்பட்ட ஹிஸ்லாப் துரை பிற்பாடு சென்னைப் படைக்கே தளபதியாக வந்தார். பம்பாயில் கட்டவிருந்த போர்க்கப்பலின் வரைபடமும் ஜாவாவோடு போயிற்று. வேறு வரைபடம் வந்து, வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817-ல் இறக்கிய அந்தக் கப்பலின் பெயர் 'டிரிங்கோமலி', நம் திருகோணமலைதான்! தேக்கின் தயவால் அது இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

மரம் கிடைத்தாலும் யோசனை சொல்ல ஆள் வேண்டுமே! 1992-ல் கான்ஸ்டிட்யூஷனை மறுபடி கரையேற்றியபோது அதன் ஏரா மரம் நடுவில் ஓரடிக்கு மேல் வளைந்திருந்தது. அதைத் தடுக்கவென்றே, கப்பலை வகுத்த ஜோஷுவா ஹம்ப்ரீஸ் உள்ளே குறுக்குச் சாய்வாகப் பெருந்தாங்கிகளை வைத்திருந்தார். பின்னால் பழுது பார்த்தவர்கள் அவற்றை எடுத்து விட்டிருந்தார்கள். 1838-ல் காலமான மனிதரின் பழைய ஏற்பாட்டின்படியே தாங்கிகளை மீண்டும் பொருத்தினார்கள். 1997 ஜூலை 21-ம் தேதி, 116 ஆண்டுகளுக்குப் பின் அது தன் பாயிலேயே ஓடிற்று.

இந்தியானாவில் கிரேன் என்னுமிடத்துக் கடற்படைக் காட்டில் இந்தக் கப்பலுக்கென்றே வெள்ளை ஓக் மரங்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கடிதம் எழுதிய வாசகருக்குப் பதில் போட்டு விட்டேன். புத்தகமாக வரும்போது என் கதாநாயகன் கரையிலேயேதான் நிற்பான். மரத்துக்கு ஆள் போயிருக்கிறது.