இணைப்பும் இசைவும்

துணி வணிகர் ஒருவர் நாடுகளை இணைக்கும் வழியைப் பற்றி வாழ்நாளெல்லாம் சிந்தித்தார் என்றால் வியப்பாக இருக்கும். 1864-இல் பிறந்த பிரெடெரிக் ஸ்காட் ஆலிவர் அத்தகையவர். சட்டம் பயின்ற அவர், 1892-இல் இலண்டனின் டெபன்ஹாம் அண்ட் ஃப்ரீபாடி துணி வணிக நிறுவனத்தில் சேர்ந்து பெருஞ்செல்வம் ஈட்டினார். ஆயினும் அவர் உள்ளம் அரசியல் எழுத்திலேயே ஊன்றி நின்றது.

1906-இல் அலெக்சாண்டர் ஹாமில்டனைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. விடுதலை பெற்றபின் ஆளுக்கொரு திசையில் இழுத்த 13 அமெரிக்க மாநிலங்களை வலிமையான நடுவண் அரசின்கீழ் இணைக்க உழைத்தவர் ஹாமில்டன். பிரிட்டனும் கனடா, ஆஸ்திரேலியா முதலிய தன்னாட்சி நாடுகளும் அவ்வாறே ஒரே அரசமைப்பில் இணையவேண்டும் என்று ஆலிவர் வாதிட்டார்.

இணைப்பை நாடிய அவரே பகிர்வையும் வேண்டினார் என்பது கருதத்தக்கது. அயர்லாந்தின் தன்னாட்சிக் கோரிக்கை பிரிட்டனை உலுக்கிய நிலையில், 1910-இல் 'பசிஃபிக்கஸ்' என்னும் புனைபெயரில் தி டைம்ஸ் நாளேட்டுக்கு மடல்கள் வரைந்தார். ஐக்கிய இராச்சியத்தின் பகுதிகள் தத்தம் உள்விவகாரங்களைத் தாமே கவனிக்கட்டும்; பொதுவானவற்றைப் பொது நாடாளுமன்றம் கவனிக்கட்டும் என்பதே அவர் காட்டிய கூட்டாட்சி வழி. தலைவர்கள் அதனை ஏற்கவில்லை. 1916-இல் டப்ளினில் கிளர்ச்சி வெடித்தது. 1922-இல் அயர்லாந்தின் பெரும்பகுதி தனி நாடாயிற்று.

ஆனால் ஆலிவரின் பார்வையிலும் ஒரு குறை இருந்தது. தென்னாப்பிரிக்காவின் நான்கு குடியேற்றங்களை இணைக்க முனைந்த பிரிட்டானிய இளம் அதிகாரிகள் அவரது ஹாமில்டன் நூலை வழிகாட்டியாகக் கொண்டனர். 1910-இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் பிறந்தது. அதன் நாடாளுமன்றத்தில் வெள்ளையர் மட்டுமே அமர முடிந்தது. பெரும்பான்மையரான ஆப்பிரிக்க மக்களுக்கு அங்கே இடமில்லை. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த நம் தமிழருக்கும் இடமில்லை. ஒப்பந்தம் முடிந்தும் அங்கே தங்கியோர்மீது விதிக்கப்பட்ட 3 பவுன் தலைவரி, 1913-இல் அவர்கள் போராடிச் சிறை சென்றபின், 1914-இல்தான் நீங்கியது.

1934-இல் ஆலிவர் மறைந்தார். அவர் கனவு கண்ட பேரரசுக் கூட்டாட்சி உருவாகவே இல்லை. பகிர்ந்து வாழ்ந்தாலே சேர்ந்து வாழமுடியும் என்று அவர் உணர்த்தியது உண்மை. ஆனால் யாருடைய இசைவைக் கேட்டு இணைக்கிறோம் என்ற வினா விடுபட்டால், எத்துணை அழகிய அமைப்பும் சிலரது வசதியாகவே முடியும். குடும்பமாயினும் நாடாயினும், ஒற்றுமையைப் பற்றிப் பேசுமுன் இவ்வினாவை நாம் எழுப்ப வேண்டுமன்றோ?